திருவிழாக் காட்சிகளைக் காத்தல்: பழைய ஒளிநாடாக்களை மின்னிலக்க வட்டுகளுக்கு மாற்றும் முறை
(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சிதம்பரத்தில் ஓர் அறை பூட்டிக் கிடந்த வரலாற்றைத் திருமுறை ஓதும் அன்பர்கள் அறிவர். மூவர் முதலிகள் அருளிய தேவார ஏடுகள் அவ்வறையில் இருப்பதை நம்பியாண்டார் நம்பிகளின் வாயிலாக இராசராச சோழ மன்னர் அறிந்தார். அறையைத் திறந்து பார்த்தபோது ஏடுகளைப் புற்று மூடியிருந்தது. எண்ணெய் சொரிந்து புற்றைக் கரைத்து எடுத்தபோது கிடைத்தவை ஒரு பகுதியே என்றும், எஞ்சியவற்றைச் செல் அரித்துவிட்டது என்றும் திருமுறை கண்ட புராணம் கூறுகிறது. கிடைத்தவற்றைத் தொகுத்துப் படி எடுத்து, பண்ணோடு ஓதச் செய்த காரணத்தால்தான் இன்றும் கோயில்தோறும் தேவாரம் ஒலிக்கிறது. பூட்டி வைத்தது காப்பாகவில்லை. படி எடுத்ததே காப்பாயிற்று.

அந்த வரலாறு இந்தத் தலைமுறைக்கும் பொருந்தும். இன்றைய ஏடுகள் பனையோலையால் ஆனவை அல்ல. காந்தப்பொடி பூசிய நாடாவால் ஆனவை. இன்றைய செல்லுக்குக் காற்றின் ஈரம் என்று பெயர்.

அலமாரியில் உறங்கும் விழாக்கள்

சிங்கப்பூரில் வண்ணத் தொலைக்காட்சி 1974ஆம் ஆண்டில் வந்தது. ஜப்பானில் ஜேவிசி நிறுவனம் விஎச்எஸ் என்னும் வீட்டு ஒளிநாடா முறையை 1976இல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. அடுத்த பத்தாண்டுகளில் விசிஆர் எனப்பட்ட பதிவுக் கருவி வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீடுகளிலும் இடம்பிடித்தது. 1985இல் சோனி நிறுவனம் கையடக்கமான வீடியோ 8 நாடாவை வெளியிட்ட பின்னர், படமெடுப்பது தொழில் தெரிந்தவர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்த நிலை மாறியது.

1980களிலும் 1990களிலும் நடைபெற்ற குடமுழுக்குகள், தைப்பூசக் காவடிகள், தீமிதித் திருவிழாக்கள், தேக்கா வட்டாரத்து இரத ஊர்வலங்கள், கோயில் மண்டபத்தில் நிகழ்ந்த திருமணங்கள், குழந்தைகளின் பரதநாட்டிய அரங்கேற்றங்கள் எனக் கணக்கற்றவை அந்த நாடாக்களில் பதிவாயின. கோயில் அலுவலகத்தின் இரும்பு அலமாரியிலும், அன்பர்களின் வீட்டுப் பரணிலும் அவை இன்றும் உள்ளன. 2018இல் நடந்த சீனிவாசப் பெருமாள் கோயில் குடமுழுக்கும், 2023இல் நடந்த சௌத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் குடமுழுக்கும் மின்னிலக்க முறையிலேயே படமாயின. அவற்றை எத்தனை படி வேண்டுமானாலும் தேய்வின்றி எடுக்கலாம். அவற்றுக்கு முந்திய தலைமுறையின் காட்சிகளுக்கே ஆபத்து.

நாடா ஏன் அழிகிறது?

விஎச்எஸ் நாடா என்பது அரை அங்குல அகலமுள்ள பாலியெஸ்டர் இழை. மூன்று மணி நேர நாடாவின் நீளம் ஏறத்தாழ 258 மீட்டர். அதன் ஒரு முகத்தில் காந்தத் துகள்களை ஒருவகைப் பசை பிடித்து வைத்திருக்கிறது. அத்துகள்களே படமும் ஒலியும் ஆகும். அப்பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சி மெல்ல மெல்லச் சிதையும் தன்மை உடையது.

நாடாக்களை நெடுங்காலம் காக்க விரும்பும் ஆவணக் காப்பகங்கள் வெப்பத்தை 20 பாகைக்குக் கீழும், காற்றின் ஈரப்பதத்தை 30 முதல் 40 விழுக்காடு அளவிலும் வைக்க முயலும். சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதமோ 80 விழுக்காட்டுக்கும் மேல். பூசணம் வளர 65 விழுக்காடே போதும். பகலில் குளிரூட்டி ஓடி, இரவில் நிறுத்தப்படும் அறை இன்னும் தீங்கானது. வெப்பம் ஏறி இறங்கும்போது நாடாவில் ஈரம் படிகிறது.

இரண்டாவது ஆபத்து, நாடாவை ஓட்டும் கருவியே மறைந்து வருவது. ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் விசிஆர் உற்பத்தியை நிறுத்தியது. புதிய கருவி செய்வார் அதன்பின் இல்லை. பழைய கருவிகள் கிடைத்து வந்த சுங்கை ரோடு சந்தையும் 2017 ஜூலை 10இல் மூடப்பட்டது. யுனெஸ்கோ அமைப்பு 2019இல் காந்த நாடாக்களுக்கென ஓர் எச்சரிக்கைத் திட்டத்தைத் தொடங்கியது. 2025ஆம் ஆண்டளவில், நாடாக்களை ஓட்டக்கூடிய கருவிகளும் அவற்றைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் அருகிவிடுவர் என்பதே அதன் சாரம். அந்தக் காலவரம்பு வந்துவிட்டது.

கருவியில் இடுமுன் செய்ய வேண்டியவை

அவசரமாக நாடாவைக் கருவிக்குள் தள்ளுவதே பல நாடாக்களுக்கு முடிவாகி விடுகிறது. முதலில் கண்ணால் பார்க்க வேண்டும். பெட்டியின் சிறு கண்ணாடிச் சாளரத்தின் வழியே நாடாச் சுருளின் ஓரத்தில் வெண்பொடியோ சிலந்தி வலை போன்ற இழையோ தெரிந்தால், அது பூசணம். அந்த நாடாவை ஓட்டலாகாது. ஓட்டினால் அது கருவியின் தலைப்பகுதியை அடைப்பதோடு, அடுத்து இடப்படும் நல்ல நாடாவுக்கும் தொற்றும், மூச்சுக்கும் நல்லதன்று. அதைத் தனிப் பையில் இட்டு, பிற நாடாக்களிடமிருந்து விலக்கி, துப்புரவு செய்யும் பயிற்சி உள்ளவரிடம் ஒப்படைப்பதே முறை.

அடுத்து, பெட்டியின் முதுகுப் பக்கத்தில் உள்ள சிறு பிளாஸ்டிக் தகடு. அது உடைக்கப்படாமல் இருந்தால் அந்நாடாவின்மேல் மறுபதிவு செய்ய இயலும். தவறுதலாக ஒரு பொத்தான் அழுத்தப்பட்டால் ஒரு குடமுழுக்கே அழிந்துவிடும். ஆகவே தகட்டை முதலில் உடைத்துவிட வேண்டும்.

மூன்றாவதாக, பல்லாண்டுகள் அசையாதிருந்த நாடாவைப் படி எடுக்கும் நாளுக்கு முன்னரே ஒருமுறை முடிவு வரை ஓட்டி, மீண்டும் தொடக்கத்திற்குச் சுற்ற வேண்டும். ஒட்டிக் கிடக்கும் சுற்றுகள் இதனால் தளரும். சுற்றும்போது கிறீச்சென்ற ஒலி எழுந்தாலோ, வேகம் குன்றினாலோ உடனே நிறுத்த வேண்டும். நாடா அறுந்திருந்தால் கவலை வேண்டா. பெட்டியின் அடிப்புறம் உள்ள ஐந்து திருகாணிகளைக் கழற்றி, நாடாவுக்கென்றே உள்ள ஒட்டுப்பட்டையால் இணைக்கலாம். எழுதுபொருள் கடையில் வாங்கும் சாதாரண ஒட்டுத்தாள் கூடாது. அதன் பசை கசிந்து கருவியைப் பாழாக்கும்.

படம் சரியாக வராதபோது

திரை முழுவதும் பனி பெய்வது போல் வெண்புள்ளிகள் தோன்றினால், நாடா அழிந்துவிட்டது என்று பலர் முடிவு கட்டி விடுகின்றனர். பெரும்பாலும் குற்றம் நாடாவில் இல்லை. கருவியின் தலையில் அழுக்கு அடைத்திருக்கிறது. அந்தத் தலைகளைத் தாங்கிய உருளை, சிங்கப்பூரில் வழங்கிய முறைப்படி, நிமிடத்திற்கு 1,500 முறை சுழல்வது. தலைமுடியினும் நுண்ணிய அழுக்கும் அதற்குப் பெருந்தடை. மின்சாரத்தைத் துண்டித்து, தூய ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மென்தோலை உருளையின்மேல் மெல்ல வைத்துக்கொண்டு, உருளையைக் கையால் சுற்ற வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் தலை முறிந்துவிடும். பஞ்சுக் குச்சியும் ஆகாது; அதன் இழை சிக்கிக்கொள்ளும்.

திரையின் மேலோ கீழோ கோடு கோடாக ஒரு பட்டை ஓடினால், அது டிராக்கிங் கோளாறு. கருவியின் டிராக்கிங் பொத்தானைச் சிறிது சிறிதாக மாற்றிப் பார்க்கலாம். அதற்கும் சரியாகாவிடில் வேறொரு கருவியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். நாடாவைப் பதிவு செய்த அதே கருவி வீட்டில் இன்னும் இருந்தால், பல வேளைகளில் அதுவே அந்நாடாவை நன்கு வாசிக்கும்.

படம் கருப்பு வெள்ளையாக உருண்டுகொண்டே இருந்தால், நாடா எந்த நாட்டில் பதிவானது என்று வினவ வேண்டும். சிங்கப்பூர், மலேசியா, இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளில் வழங்கியது ‘பேல்’ முறை. விநாடிக்கு 25 படம், படத்திற்கு 625 கோடுகள். அமெரிக்கா, கனடா, ஜப்பான் நாடுகளில் வழங்கியது ‘என்டிஎஸ்சி’ முறை. விநாடிக்கு ஏறத்தாழ 30 படம், 525 கோடுகள். அமெரிக்காவில் வாழும் உறவினர் அனுப்பிய நாடாவை இங்குள்ள ஒருமுறைக் கருவியில் ஓட்டினால் இவ்வாறே தோன்றும். இரு முறைகளையும் ஏற்கும் கருவி வேண்டும். கணினியிலும் அதற்கேற்ற முறையையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

கணினிக்கு மாற்றும்போது எழும் இடர்கள்

தொலைக்காட்சியில் ஓரளவு நன்றாகத் தெரியும் படம், கணினியில் திடீரென நீலத்திரையாக மாறுவதும், மேற்பகுதி கொடி போல் வளைவதும் உண்டு. காரணம் எளியது. பழைய நாடா நீண்டும் சுருங்கியும் போயிருப்பதால், ஒவ்வொரு கோடும் உரிய நேரத்திற்குச் சற்று முன்பின்னாக வந்து சேர்கிறது. பழைய தொலைக்காட்சிப் பெட்டி அதைப் பொறுத்துக்கொண்டது, கணினி பொறுத்துக்கொள்வதில்லை. கோடுகளை நேரப்படி ஒழுங்குபடுத்தித் தரும் ‘டைம் பேஸ் கரெக்டர்’ என்னும் கருவியை இடையில் இணைப்பதே இதற்குத் தீர்வு. எஸ்-விஎச்எஸ் வகையைச் சார்ந்த உயர்தரக் கருவிகள் சிலவற்றில் இது உள்ளேயே அமைந்திருக்கும். அது கிடைக்காவிடில், பழைய டிவிடி பதிவுக் கருவி ஒன்றின் வழியாகச் சமிக்ஞையைக் கடத்தி அனுப்பினாலும் ஓரளவு நிலைபெறும்.

இதே கோளாறு இன்னொரு வேடிக்கையையும் விளைவிக்கும். சொந்த மகளின் திருமண நாடாவைப் படி எடுக்க முனைந்த ஒருவருக்கு, “இது காப்புரிமை பெற்ற படம், படி எடுக்க இயலாது” என்று கருவி அறிவிக்கக்கூடும். திரைப்பட நாடாக்களில் படி எடுப்பதைத் தடுக்க வேண்டுமென்றே சமிக்ஞையைக் குலைத்து வைத்திருந்தனர். தளர்ந்த வீட்டு நாடாவின் குலைவையும் கருவி அதுவென்று மயங்குகிறது. சமிக்ஞையை ஒழுங்குபடுத்தினால் அறிவிப்பு மறையும். விலைக்கு வாங்கிய பக்திப் படங்கள், இசை நிகழ்ச்சிகள் ஆகியவற்றின் செய்தி வேறு. அவற்றுக்கு உரிமையாளரின் இசைவு தேவை.

ஒலியிலும் இடர் உண்டு. தவில் அடியின் ஒலியும் கையின் அசைவும் பொருந்தாமல் படம் தோன்றினால், கணினி இடையிடையே சில படங்களைத் தவற விட்டிருக்கிறது என்று பொருள். பதிவாகும் நேரத்தில் கணினியில் வேறு பணி எதுவும் ஓடலாகாது. விடுபட்ட படங்களின் எண்ணிக்கையைக் காட்டும் மென்பொருளைப் பயன்படுத்தி, எண்ணிக்கை கூடினால் மீண்டும் பதிவு செய்ய வேண்டும். ஹைஃபை ஒலியில் கரகரப்பு மிகுந்தால், கருவியைச் சாதாரண ஒற்றை ஒலித்தடத்திற்கு மாற்றிக் கேட்கலாம். நாதஸ்வர இசையின் செழுமை அதில் குறைந்தாலும், மந்திரமும் பேச்சும் தெளிவாக விளங்கும்.

அகலத்திரைத் தொலைக்காட்சியை நிரப்ப வேண்டும் என்ற ஆசையால் பழைய படத்தைப் பக்கவாட்டில் இழுத்து விரிப்பது பலர் செய்யும் பிழை. பழைய படத்தின் அகல உயர விகிதம் நான்குக்கு மூன்று. அதை இழுத்தால் இராஜகோபுரம் குட்டையாகும். அம்பாளின் திருமுகமும் விகாரப்படும். இருபுறமும் கருப்புப் பட்டை இருந்தாலும் குற்றமில்லை.

வட்டில் பதிக்கும்போது

ஒரு பக்க டிவிடி வட்டின் கொள்ளளவு 4.7 கிகாபைட். ஒரு மணி நேரத்திற்கு ஒரு வட்டு என்று பதித்தால் தரம் நன்று. இரண்டு மணி நேரம் வரை ஏற்கத்தக்கது. சிக்கனம் கருதி ஆறு மணி நேரத்தை ஒரே வட்டில் அடைப்போர் உண்டு. அதன் விளைவு குடமுழுக்குப் படங்களில்தான் மிகக் கொடியதாகத் தெரியும். அசையாத பகுதிகளைச் சுருக்கிக் கூறி இடம் மிச்சப்படுத்துவதே மின்னிலக்கச் சுருக்கத்தின் வழி. யாகசாலைப் புகை, விமானத்தின்மேல் பொழியும் புனிதநீர், தூவப்படும் மலர், கை கூப்பும் மக்கள் வெள்ளம் ஆகிய எதுவும் அசையாமல் நிற்பதில்லை. ஆகவே கலசத்தில் நீர் விழும் அந்த ஒரு கணத்தில், எந்தக் கணத்திற்காக விழாவே எடுக்கப்பட்டதோ அந்தக் கணத்தில், படம் சதுரம் சதுரமாகச் சிதறிவிடும்.

வட்டு ஒன்றையே நம்புவதும் தகாது. வீட்டில் எழுதப்படும் வட்டில் பதிவைத் தாங்குவது ஒரு சாயப் பூச்சு. ஒளியும் வெப்பமும் அதை மங்கச் செய்யும். இக்காலக் கணினிகள் பலவற்றில் வட்டை இடும் துளையே இல்லை. ஆகவே வட்டை அன்பர்கள் கண்டு மகிழ்வதற்கான படியாகக் கொண்டு, மூலப்படியைக் கோப்பாகச் சேமிக்க வேண்டும். ‘டிவி’ என்னும் முறையில் ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 13 கிகாபைட் ஆகும்; இன்றைய வன்தட்டுகளுக்கு அது பெரும் சுமையன்று. மூலப்படி இரண்டு வன்தட்டுகளில் இருக்க வேண்டும். அவற்றில் ஒன்று கோயிலுக்கு வெளியே வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை திறந்து சரிபார்த்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய தட்டுக்கு மாற்ற வேண்டும்.

திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் அமைத்து, மூலவரின் அருட்கலையை வேறொரு கலத்தில் எழுந்தருளச் செய்வது ஆகம வழக்கு. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கோயிலைப் புதுக்கிக் குடமுழுக்கு நடத்துவதும் வழக்கு. கல்லால் கட்டிய கோயிலுக்கே புதுப்பித்தல் வேண்டும் என்று முன்னோர் வகுத்திருக்க, நாடாவும் வட்டும் ஒருமுறை செய்த பணியோடு என்றும் நிலைக்கும் என்று எண்ணுவது பொருந்துமா? படி எடுத்து முடிந்தாலும் பழைய நாடாவை எறிந்துவிடலாகாது; உலர்பெட்டியில் நிமிர்த்தி நிறுத்தி வைக்க வேண்டும். நாளை இன்னும் சிறந்த முறை வரக்கூடும்.

முகங்களுக்குப் பெயர் எழுதுதல்

அன்பர்களே, இதுவரை கூறியவை யாவும் கருவிகளின் கோளாறுகள். பொருளும் பொறுமையும் இருந்தால் இவற்றைத் தீர்க்கலாம். பொருளால் தீர்க்க இயலாத ஓர் இழப்பு உண்டு. படத்தில் தோன்றும் முகங்கள் யாருடையவை என்று சொல்லக்கூடியவர்கள் மறைந்து வருகிறார்கள்.

கலசம் சுமந்து வரும் பெரியவர் யார்? மடைப்பள்ளியில் இரவெல்லாம் விழித்து அன்னதானத்திற்குக் காய் நறுக்கிய தாய்மார்கள் யாவர்? கொடிமரத்தருகே நாதஸ்வரம் வாசித்தவர் எந்த ஊரிலிருந்து வந்தார்? கல்வெட்டில் நன்கொடையாளர் பெயர் உண்டு. தொண்டர் பெயர் இல்லை. அவர்கள் செய்த தொண்டுக்கு அந்த நாடா ஒன்றே சான்று. அன்று முப்பது வயதில் காவடி எடுத்தவர்க்கு இன்று எழுபதைக் கடந்திருக்கும். படம் தெளிவாகக் கிடைத்தும் பெயர் கிடைக்காமல் போனால், அது பெயரில்லாத கூட்டத்தின் படமாகவே எஞ்சும்.

இதற்கு இந்நாட்டிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. 1979இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுப் பணியின் வாயிலாகச் சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகம் சாதாரண மக்களின் நினைவுகளையும் பதிவு செய்து காத்து வருகிறது. 2015இல் அது பொதுமக்களையே துணைக்கு அழைத்து, பழைய புகைப்படங்களில் உள்ள ஆட்களையும் இடங்களையும் அடையாளம் காணச் செய்யும் திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டில் கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் திறக்கப்பட்டது. ஐம்பதாண்டுத் தமிழ் இலக்கிய நூல்கள் மின்னிலக்க வடிவம் பெற்று மக்களுக்கு வழங்கப்பட்டதும் அவ்வாண்டிலேயே. நூல்களுக்கு நடந்த அப்பணி திருவிழாக் காட்சிகளுக்கும் நடைபெறுவது தகும்.

செய்யத்தக்க பணி

ஒவ்வொரு கோயிலிலும் மூன்று செயல்கள் உடனே தொடங்கலாம். முதலாவது, கணக்கெடுப்பு. அலமாரியில் உள்ள நாடாக்களுக்கு எண் இட்டு, எந்த விழா, எந்த ஆண்டு, எந்த வகை நாடா, பூசணம் உண்டா என்று ஒரு பேரேட்டில் எழுத வேண்டும். இரண்டாவது, வரிசைப்படுத்தல். அனைத்தையும் ஒரே நேரத்தில் மாற்ற இயலாது. வேறு எங்கும் படி இல்லாதவையும், கெடத் தொடங்கியவையும் முதலில் வர வேண்டும். கடைகளில் வாங்கிய படங்கள் இறுதியில் வரலாம். மூன்றாவது, பெயர் எழுதும் நாள். மாற்றிய காட்சிகளை மண்டபத்துத் திரையில் ஓட்டி, மூத்த அன்பர்களை முன்வரிசையில் அமர்த்தி, இளைஞர்கள் அருகிருந்து அவர்கள் சொல்லும் பெயர்களை எழுதிக்கொள்ள வேண்டும். இதற்கு இளைஞர்களின் கணினித் திறனும் வேண்டும். முதியோரின் நினைவும் வேண்டும். ஒன்று இருந்து மற்றொன்று இல்லையெனில் பணி முழுமை பெறாது.

தேவார ஏடுகளில் எவ்வளவு மறைந்தது என்று இன்று ஒருவராலும் அளவிட இயலாது. எஞ்சியதைப் பெற்றுப் போற்றுவதே பின்வந்தோர்க்கு வாய்த்தது. சிராங்கூன் சாலையின் பழைய திருவிழாக்களில் எவ்வளவு எஞ்சப்போகிறது என்பது, வரும் சில ஆண்டுகளில் அன்பர்கள் தங்கள் பரணையும் அலமாரியையும் திறப்பதைப் பொறுத்தே அமையும். வீட்டில் நாடா வைத்திருப்போர் அடுத்த விழாவரை காத்திராமல் அதனை எடுத்துப் பார்த்து, நிர்வாகக் குழுவினரிடம் தெரிவிப்பார்களாக. இறையருள் அனைவருக்கும் துணை நிற்பதாக.